தலைகீழாக நின்ற தொகுமாரு

நுமாசு ஊரில் குளியல்தொட்டிக்கு அடைப்பான் செய்யும் கம்பெனியின் இரண்டாம் மாடியில் சயோகோவுக்கு ஒரு நாற்காலி உண்டு. அது மூன்று மூன்று மாதமாகத்தான் அவளுடையது. ஏஜென்சி அனுப்பிய ஆள் அவள். இரண்டு வருஷமாகியும் எல்லோருக்கும் ‘டெம்பரவரிம்மா’தான். ஆனால் அந்த மாடியில் எந்தக் காகிதமும் அவள் கைபடாமல் ஒரு மேசையிலிருந்து அடுத்த மேசைக்குப் போனதில்லை.

மார்ச் முப்பத்தொன்றோடு ஒப்பந்தம் முடிகிறது. நீட்டிக்கும் படிவத்தில் மூன்று கட்டங்கள்: சூப்பர்வைசர் நிராசாவா, செக்‌ஷன் தலைவர் தொகுமாரு, அவருக்கும் மேலே இலாகாத் தலைவர். கையெழுத்துக்குப் பதிலாக அவரவர் பெயர் செதுக்கிய மூன்று முத்திரையும் விழுந்தால் ஜூன் வரை வேலை. நாற்பத்தாறு வயதில் இன்னோர் ஆபீசுக்குப் போய், ஜெராக்ஸ் மெஷின் எங்கே என்பதிலிருந்து ஆரம்பிக்க அவளுக்குத் தெம்பில்லை.

நிராசாவா முத்திரை வைப்பதே தனி அழகு. பக்கத்துக் கட்டத்து மேலதிகாரியைக் குனிந்து வணங்குகிற மாதிரி முத்திரையை இடப்பக்கம் சாய்த்து வைப்பார். எல்லோரும் சாய்ப்பதுதான், இவருடையது கிட்டத்தட்டப் படுத்தே விடும்.

இருபத்தாறாம் தேதி படிவம் தொகுமாருவிடமிருந்து திரும்பி வந்தது. இரண்டாம் கட்டத்தில் ‘தொகுமாரு’ தலைகீழாக நின்றது. மறுக்க முடியாத இடத்தில், ‘வைத்துவிட்டேன், ஆனால் மனசில்லை’ என்று சொல்லாமல் சொல்ல ஆபீஸ்காரர்கள் வைத்திருக்கும் வழி அது. சயோகோ படிவத்தை நிராசாவாவிடம் கொண்டுபோய்க் காட்டினாள்.

“போச்சு,” என்றார் நிராசாவா. “அவர் வேணாங்கறாரு. நான் பக்கத்துலயே பல்ல இளிச்சுக்கிட்டு வச்சிருக்கேன் பாருங்க.”

“ஒரு வார்த்தை அவர்கிட்டயே கேட்டுடலாமே சார்.”

“கேக்கறதா? வாயால சொல்ல முடியாமத்தானே மனுஷன் முத்திரையால சொல்லியிருக்காரு. அதப் போய் வாயால கேட்டா அவர் மரியாதை என்னாகறது?”

படிவம் அவர் மேசை டிராயருக்குள் போய்விட்டது. மூன்றாம் கட்டம் காலியாகவே இருந்தது.

சயோகோ சும்மா இருக்கவில்லை. தொகுமாரு அதே நாளில் முத்திரை வைத்த மற்றக் காகிதங்களைப் புரட்டினாள். டிஷ்யூ பெட்டி வாங்கும் சீட்டு, தலைகீழ். செர்ரிப் பூ பார்க்கப் போகும் விருந்துக்கான சீட்டு, அதுவும் தலைகீழ். நிராசாவா விருந்தை அன்றைக்கே ரத்து செய்திருந்தார். கடைசியாக அகப்பட்டது தொகுமாருவின் சொந்த லீவு விண்ணப்பம். அதுவும் தலைகீழ். அவளுக்கு உயிர் திரும்பி வந்தது.

“இதப் பாருங்க சார்,” என்று நிராசாவாவிடம் நீட்டினாள். “தன்னோட லீவயே ஒருத்தர் வேணாம்பாரா?”

நிராசாவா வெகுநேரம் பார்த்தார். கண் கலங்கிவிட்டது அவருக்கு.

“எப்பேர்ப்பட்ட மனுஷன். லீவும் கேக்கறாரு, கம்பெனிய விட்டுப் போகவும் மனசு வரல.”

லீவு விண்ணப்பமும் டிராயருக்குள் போனது. இப்படிப்பட்டவரிடம் சுவரே தேவலை.

முப்பதாம் தேதி காலை நிராசாவாவின் டிராயரைச் சயோகோவே திறந்தாள். படிவத்தை எடுத்துக்கொண்டு நேரே தொகுமாருவின் மேசைக்குப் போனாள்.

“சார், என் படிவத்துல உங்க முத்திரை தலைகீழா இருக்கு. நான் போகணும்னா வாயாலயே சொல்லிடுங்க. எனக்கு இங்கயே இருக்கணும் சார். ஆனா தெரியாம உக்காந்திருக்க முடியல.”

தொகுமாரு படிவத்தை மூக்கருகே கொண்டுபோனார். மார்ச் வந்தால் சீடர் மர மகரந்தம் அவரை உயிரோடு தின்னும். மாஸ்க்குக்கு மேலே கண் இரண்டும் சிவந்து வழிந்தன. மூன்று முறை தும்மினார்.

“நான் எங்கம்மா பாத்தேன்? அன்னிக்கு நாப்பது சீட்டு, முந்நூறு தும்மல். எது மேல எது கீழன்னே தெரியல.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “அதான் பூ பாக்கறதையும் நிறுத்திட்டாங்களா? யாருக்கும் என்னைப் புடிக்கலயோன்னு நாலு நாளா வீட்ல புலம்பிக்கிட்டிருக்கேன்.”

நிராசாவா எழுந்து நின்றார், உட்கார்ந்தார், புதுப் படிவம் எழுதி முதல் கட்டத்தில் தன் முத்திரையைக் குப்புறவே தள்ளாத குறையாகச் சாய்த்து வைத்துக் கொண்டுவந்தார். தொகுமாரு முத்திரையைத் தூக்கினார். முகம் கோணியது; அடுத்த தும்மல் கிளம்பிக்கொண்டிருந்தது. சட்டென்று முத்திரையைச் சயோகோவின் கையில் திணித்தார்.

“நீங்களே வச்சிடுங்கம்மா. என்னை நம்பாதீங்க.”

எத்தனையோ முத்திரைகளைச் சுமந்தவள், ஒன்றையும் தானாக வைத்ததில்லை. எழுத்து எந்தப் பக்கம் பார்க்கிறது என்று மூன்று தடவை திருப்பிப் பார்த்தாள். சிவப்பு மையில் ஒற்றி, இரண்டாம் கட்டத்தில் அழுத்தினாள். அழுத்திய கையை எடுக்கவில்லை.

தொகுமாரு தும்மி முடித்து நிமிர்ந்தார். “போதும், எடுங்கம்மா. ஜூன் வரைக்கும் இப்படியே அழுத்திக்கிட்டு நிப்பீங்களா?”

“நிக்க விட்டா நிப்பேன் சார்,” என்றாள் சயோகோ.