காங்கேசன்துறைக்கு ஒரு புகையில்லாப் பயணம், சண்டிலிப்பாய் வரை

நாகப்பட்டினத்தில் கல்லூரித் தோழியின் மகளுக்குத் திருமணம். காங்கேசன்துறையிலிருந்து கப்பலில் போவதென்று போன ஆவணியில் முடிவு செய்தேன். அன்றைய கப்பலை விட்டால் அடுத்தது மூன்று நாள் கழித்து; அதற்குள் தாலி கட்டி முடிந்துவிடும். துறைமுக வாயிலைப் பதினொன்றரைக்கு மூடுவார்கள்.

யாழ்ப்பாண நகரிலிருந்து மின்சார ஓட்டோ பிடித்தேன். காரணம் நோர்வேயில் இருக்கும் என் அண்ணா. தன் மின்சாரக் கார் புகையே விடாதென்று வாரம் தவறாமல் தொலைபேசியில் சொல்வார். ஒருநாளாவது நானும் அப்படிப் போக ஆசைப்பட்டேன். ஓட்டுநர் குணம் அண்ணை நாலாயிரம் ரூபாய் கேட்டார். காலை எட்டரைக்குப் புறப்பட்டோம்.

மானிப்பாய் தாண்டியதும் அவர், "தங்கச்சி, ராத்திரி எங்கடை பக்கம் கரண்ட் இல்லை. பற்றறி காங்கேசன்துறை வரைக்கும் தாங்காது. சண்டிலிப்பாயிலை மச்சான் வீடு இருக்கு," என்றார். இதை நான் ஏறுமுன் சொல்லியிருக்கலாம்.

மச்சான் யோகன் தோட்டம் செய்பவர். அவர் வீட்டுக் கூரையில் சூரியத் தகடுகளைக் கண்டதும் என் கோபம் போய்விட்டது. ஒன்பது ஐந்துக்குச் செருகினோம். ஒன்பது இருபதுக்கு ஊர் முழுக்கக் கரண்ட் போனது. தகடுகளும் நின்றன. வெளிக் கம்பியில் கரண்ட் இல்லாவிட்டால் அவையும் வேலை செய்யாதாம். யோகன் கலங்கவில்லை. பின்வளவிலிருந்து டீசல் ஜெனரேற்றரை உருட்டி வந்தார்.

முற்றமெங்கும் கரும்புகை. இருமியபடி யோசித்தேன். நோர்வேயில் கரண்ட் அணைத் தண்ணீரிலிருந்து வருவதால், அண்ணாவின் கார் அங்கே தண்ணீரால் ஓடுகிறது. அதே கார் இலங்கையில் தண்ணீர், நிலக்கரி, எண்ணெய், வெயில் எல்லாவற்றாலும் கொஞ்சம் கொஞ்சம் ஓடும். சண்டிலிப்பாயில், அன்றைக்கு, முழு டீசல்.

பத்தரைக்குத் தேவையான அளவு ஏறிவிட்டது. "போதும், கழட்டுவம்," என்றேன்.

"என்ன கதை கதைக்கிறியள்? வீட்டை வந்ததை அரைவயித்தோடை அனுப்பிறதே?" என்றார் யோகன்.

"ஓட்டோவையோ சொல்லுறியள்?"

"ஓட்டோவையும்தான். நீங்களும் இன்னும் சாப்பிடேல்லை."

பிட்டு வந்தது. குணம் அண்ணை இரண்டாம் முறையும் போட்டுக்கொண்டார். கப்பலை நினைவூட்டினேன். "இஞ்சை பாதியிலை எழும்பினால், என்ரை மனிசி அங்கை வீட்டுக்குள்ளை விடமாட்டா. அவவின்ரை தமையன் வீடு," என்றார்.

பத்து ஐம்பதுக்கு நானே போய்ச் செருகியைப் பிடுங்கினேன். பந்தியிலிருந்து யாரோ கோபித்துக்கொண்டு எழுந்தது போல யோகன் முகம் வாடிவிட்டது.

மிச்சம் பதினான்கு கிலோமீற்றர். வழி நெடுக நான் மணிக்கூட்டையே பார்த்தேன். பதினொன்று இருபத்தெட்டுக்கு வாயில். பையை இறக்கித் தந்த குணம் அண்ணை கேட்டார்: "புகையெண்டு கவலைப்பட்டியள். உந்தக் கப்பல் என்னத்திலை ஓடுது?"

"டீசலிலை."

"பிறகென்ன, ஓடுங்கோ."

ஓடினேன். தாலி கட்டுவதையும் பார்த்தேன்.

மின்சார ஓட்டோ இங்கே வேண்டாமென்று நான் சொல்லமாட்டேன். ஏறுமுன் பற்றறி எவ்வளவு இருக்கிறது, எந்தக் கரண்டில் ஏற்றியது என்று கேளுங்கள். கரண்ட் இருக்கும் பகல் வேளையில், சூரியத் தகடுள்ள வீட்டில் ஏற்றினால் நல்லது. யாராவது வீட்டுக்கு அழைத்தால், இப்போதுதான் ஏற்றிவிட்டு வருகிறோம் என்று சொல்லிப் பாருங்கள். அப்போதும் கொஞ்சம் ஏற்றத்தான் செய்வார்கள். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.