தம்பியின் சோதனையும் கசகசா குருமாவும்

என் தம்பியின் சிறுநீர்ச் சோதனையில் போதைப்பொருள் தெரிந்தது என் சமையலாலா, அவனாலா? சகாய மாதா எங்களுக்குச் செய்த உதவியைச் சொல்லத்தான் எழுதுகிறேன். ஆனாலும் இந்தக் கேள்விக்கு இன்னும் என்னிடம் பதில் இல்லை.

அம்மா அப்பா இறந்த பிறகு தம்பி அருள் ஜெலுத்தோங்கில் எங்களோடுதான் இருக்கிறான். இந்த நாட்டுக் காவல்துறையில் இந்திய வம்சாவளி இளைஞர்கள் அதிகம் சேர வேண்டும் என்று அரசாங்கம் கேட்டுக்கொண்டதைப் போன வருடம் கோயிலில் அறிவித்தார்கள். அருள் விண்ணப்பித்தான். உடற்தகுதியில் தேறினான்.

அதே சமயத்தில்தான் வேப் என்ற மின்சிகரெட்டில் போதை மருந்து கலந்து விற்கிறார்கள், பள்ளிப் பிள்ளைகள்கூட பிடிபடுகிறார்கள் என்று செய்தி வந்துகொண்டிருந்தது. எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கீழேயே போலீஸ் சோதனை நடந்தது. அருளிடமும் ஒரு வேப் இருந்தது. வெறும் மாம்பழ வாசனைதான் என்பான். நான் துவைக்கும் முன் அவன் சட்டைகளை முகர்ந்து பார்ப்பேன். பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் வேலை செய்யும் என் கணவர் ஒருநாள் அதைப் பார்த்துவிட்டு, "பேசாம நீயே போலீஸ்ல சேர்ந்துடு லா. மோப்ப நாய் செலவாச்சும் மிச்சம்" என்றார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மருத்துவச் சோதனைக்கு முந்தின நாள் ஞாயிறு. அவனை வாழ்த்தி அனுப்ப ஆட்டுக்கறி குருமா வைத்தேன். கசகசாவை ஊறவைத்து அரைத்து ஊற்றாமல் நம் வீடுகளில் விசேஷக் குருமா ஏது? கெட்டியாக வரட்டும் என்று கொஞ்சம் தாராளமாகவே போட்டேன். காலையிலும் அதைத் தோசைக்கு ஊற்றித் தின்றுவிட்டுப் போனான்.

மதியம் அழாத குறையாகத் திரும்பி வந்தான். முதல் சோதனையில் போதைப்பொருள் தெரிகிறதாம். உறுதிசெய்ய ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம். அங்கும் அப்படியே வந்தால் வேலை கிடைக்காது, வழக்கும் வரலாம்.

"அக்கா, குருமால கசகசா போட்டியா?" என்று கேட்டான். அதைச் சாப்பிட்டாலும் இப்படிக் காட்டலாம் என்று அங்கே சொன்னார்களாம்.

போட்டேன் என்றேன். எனக்கு ஆறுதல் வந்திருக்க வேண்டும். வரவில்லை. உண்மையிலேயே அங்கே சொன்னார்களா, வழியில் போனில் தேடிக் கண்டுபிடித்த சாக்கா? என் முகத்தை அவன் படித்துவிட்டான்.

"என்னை நம்புறியா இல்லியாக்கா? அத மட்டும் சொல்லு."

என் கைக்குழந்தை அழுகிறாள் என்று சொல்லி அறைக்குள் போய்விட்டேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

புதன்தோறும் கோயிலில் நடக்கும் சகாய மாதா நவநாள் ஜெபத்துக்குப் போனேன். என்ன கேட்பதென்றே தெரியவில்லை. தப்பு செய்திருந்தாலும் அவனைக் காப்பாற்று என்று கேட்கலாமா? உண்மை வெளிவரட்டும் என்று கேட்கவும் பயம். கடைசியில், "தாயே, எங்கம்மா இடத்துல நீங்க நின்னு அவனப் பாத்துக்கோங்க" என்று மட்டும் சொன்னேன். அழுதேன். முடிவு வரும்வரை ஒரு புதனும் தவறவில்லை.

பசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது அருள் கூப்பிட்டான். ஆய்வுக்கூடத்தில் தேறிவிட்டான். உணவால் வந்ததுதான் என்று முடிவு செய்தார்களாம். மீன்காரர் பார்க்கப் பார்க்கச் சிலுவை போட்டுக்கொண்டேன். இது மாதா செய்த உதவி. அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

இப்போது அவன் பயிற்சியில் இருக்கிறான். வேப்பை விட்டுவிட்டேன் என்கிறான். நானும் பயம் வந்தால் முதலில் ஜெபமாலையை எடுக்கிறேன். ஆனால் வேப்பில் கலப்பதையெல்லாம் அந்தச் சோதனை காட்டுமா என்ற நினைப்பு ஜெபத்தின் நடுவிலும் வருகிறது. உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்தால் மாதாவிடம் ஒப்படையுங்கள். நம்பிக்கை அரைகுறையாக இருக்கிறதே என்று தயங்காதீர்கள். என்னை அவர் வெறுங்கையோடு அனுப்பவில்லை.

அடுத்த மாதம் என் மகளுக்கு ஞானஸ்நானம். தான்தான் ஞானத்தந்தையாக நிற்பேன் என்கிறான் அருள். "மாமா நான் இருக்கேன்ல, வேற ஆளு எதுக்கு?" என்று போனில் கேட்டான். பிறகு சொல்கிறேன் என்றேன். அவள் விசுவாசத்துக்கு முன்மாதிரியாக நிற்க வேண்டியவன் அவன். உண்மையைச் சொல் என்று நேராகக் கேட்டால், மாதா காப்பாற்றிக் கொடுத்த தம்பியை நானே இழந்துவிடுவேனோ? கேட்காமல் சம்மதித்தால், பாவத்தை விட்டுவிடுகிறேன் என்று ஞானஸ்நான வாக்குறுதியைப் பீடத்தின் முன் அவன் சொல்லும்போது என் மனம் ஆமென் சொல்லுமா? சகோதரிகளே, நீங்கள் என் இடத்தில் இருந்தால் என்ன செய்வீர்கள்? தயவுசெய்து எனக்குச் சொல்லுங்கள்.