நிலவுக்குப் போர்வை தைத்தவள்

சின்னவள் எதையெல்லாம் ஜெயித்தாள் என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், அக்கா விரல்களை மடக்கத் தொடங்கிவிடுவாள். பள்ளி இறுதித் தேர்வில் கணக்கு மூன்றாவது தடவைதான் வழிவிட்டது, விடாமல் எழுதினாள். மூச்சிரைப்பு உடம்பு, ஆனாலும் மூக்கையும் வாயையும் மூடிக்கொண்டு நாள் முழுக்கச் செய்யும் வேலையில் நிலைத்தாள். "ஜாக்கெட் தைக்கிறவளுக்கு ராக்கெட்ல என்னம்மா வேலை?" என்று நேர்முகத் தேர்வில் ஒருவர் சிரித்தார்; அவர் கண் முன்னாலேயே மாதிரித் துண்டைத் தைத்து நீட்டினாள். குழந்தை பிறந்ததும் நின்றுவிடுவாள் என்று பேசியவர்கள் வாயையும் அடைத்தாள். கடைசியாக ஒன்று பாக்கி இருந்தது. அந்த இடம் வரும்போது அக்காவின் குரலே மாறிவிடும்.

விண்கலத்துக்குப் போர்த்துகிற பொன்னிறப் போர்வையைத் தைப்பதுதான் சின்னவளின் தொழில். காகிதத்தைவிட மெல்லிய பளபளத் தாள்களை, இடையிடையே வலைத்துணி வைத்து, அடுக்கடுக்காகச் சேர்க்க வேண்டும். இந்த முறை கலம் போவது நிலவின் தென்முனைப் பக்கம். அங்குள்ள இருண்ட பள்ளங்களில் உறைந்த நீர் இருக்கிறது என்று அண்மையில் போன கலங்கள் சொன்னதிலிருந்து ஆளாளுக்கு அங்கே போகத் துடிக்கிறார்கள். ஆனால் கலம் இறங்கும் இடத்தில் ஓர் இரவு என்பது நமக்கு இரண்டு வாரம். அந்தக் குளிரில் கருவிகள் விறைத்துச் சாகாமல் காப்பதில் போர்வைக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒவ்வொரு போர்வையோடும் ஒரு தாள் போகும். தைத்தவர் அதில் கையெழுத்திட வேண்டும். சின்னவள் ஒப்பந்த ஊழியர். அவள் கையெழுத்து செல்லாது. அவள் தைப்பாள், சூப்பர்வைசர் கையெழுத்திடுவார். அதே கட்டிடத்தில் உடுப்பு அறையில் வேலை பார்த்த அக்காவுக்கு இது வயிற்றெரிச்சலாக இருந்தது. தூசியில்லா அறைக்குள் போகிறவர்களின் வெள்ளை உடுப்புகளை வெளிச்சத்தில் பிடித்து, ஒரு நூல் பிரிந்திருந்தாலும் ஒதுக்கிவைப்பது அவள் வேலை.

ஒரு நாள் பெரிய மனிதர்கள் படம் எடுக்க வந்தார்கள். போர்வையின் ஓரம் பிசிறாகத் தெரிகிறது என்று சூப்பர்வைசருக்குத் தோன்றிவிட்டது. சின்னவள் சாப்பிடப் போன நேரத்தில் ஓரம் முழுக்க டேப்பை ஒட்டினார். படத்தில் மினுமினுத்தது. ஆனால் ஓரம் திறந்துதான் இருக்க வேண்டும். ராக்கெட் மேலே ஏறும்போது அடுக்குகளுக்குள் சிக்கிய காற்று அந்தத் திறப்பு வழியாகத்தான் வெளியேறும். மூடிவிட்டால் போர்வை பலூன் மாதிரி உப்பிக் கிழிந்துவிடும். அவருக்கு இது தெரியாததல்ல. பிறகு உரித்துக்கொள்ளலாம் என்று நினைத்தவர் மறந்துபோனார். மறுநாள் தரப் பரிசோதகர் அம்மாள் பார்த்துவிட்டார். டேப்பை உரித்தால் மேல்தாளும் கூடவே வந்துவிடும். புதிதாகத் தைக்க வேண்டும், கலம் கிளம்புவது தள்ளிப்போகும். யார் ஒட்டியது என்ற கேள்வி எழுந்தது.

சூப்பர்வைசர் சின்னவளை உடுப்பு அறைக்கு அழைத்துவந்தார். அக்கா அங்கே இருப்பதை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாமல், எழுதிக் கொண்டுவந்த தாள் ஒன்றை நீட்டினார்.

"கையெழுத்து கையெழுத்துன்னு கேட்டுக்கிட்டே இருந்தியேம்மா. இந்தா, போடு."

சின்னவள் படித்தாள். "நான் ஒட்டுனேன்னு எழுதியிருக்கு."

"உன்னை என்ன பண்ணிடப் போறாங்க? எனக்குன்னா இத்தனை வருஷ சர்வீஸே போயிடும்."

"போடலன்னா?"

"அடுத்த மாசம் உன் ஒப்பந்தம் யார் கைக்கு வருது? யோசிச்சுக்கோ."

அக்கா மடித்துக்கொண்டிருந்த உடுப்பைத் தரையில் அடித்தாள். "ஏன் சார், நல்லா வந்தா உங்க பேரு, நாறிப்போனா என் தங்கச்சி பேரா?"

"நீங்க துணியை மடிங்கம்மா."

"துணியா இருக்கறதாலதான் மடிக்கிறேன். வேற எதாவது கையில சிக்கியிருந்தா அதையும் மடிச்சிருப்பேன்!"

"அக்கா, சும்மா இரு" என்றாள் சின்னவள்.

அக்காவுக்கு ரத்தம் தலைக்கேறியது. போட்டுவிடுவாளோ? வீட்டு வாடகை, பிள்ளையின் பள்ளிக்கூடம் எல்லாம் இந்த வேலையில்தான் ஓடுகிறது. "போட்டுடாதடி!" என்று கத்தியேவிட்டாள்.

சின்னவள் தாளை அவர் கையிலேயே திணித்தாள். "செய்யாததுக்குப் போட மாட்டேன். நடந்ததைப் போய் நானே சொல்லிக்கிறேன்."

நேராகப் பரிசோதகர் அம்மாள் அறைக்குப் போனாள். பின்னாலேயே சூப்பர்வைசர், அவருக்குப் பின்னால் அக்கா. சின்னவள் மென்று விழுங்காமல் நடந்ததைச் சொன்னாள். "புதுசா நானே தைச்சுத் தரேன் மேடம். ஆனா கையெழுத்து நான்தான் போடுவேன். முடியாதுன்னா வேற ஆளைப் பாத்துக்குங்க."

"ஒப்பந்தக்காரங்க கையெழுத்து செல்லாதேம்மா. விதி அப்படி."

"அப்ப இவர் நீட்டுன தாள்ல மட்டும் எப்படிச் செல்லும்?" வாசலிலிருந்து அக்கா கேட்டாள். "தப்புக்குச் செல்லும், உழைப்புக்குச் செல்லாதா?"

பரிசோதகர் அம்மாள் கையை நீட்டினார். சூப்பர்வைசர் தயங்கித் தயங்கித் தாளைக் கொடுத்தார். அம்மாள் அதை இரண்டு தடவை படித்தார்.

"தைங்க" என்றார் சின்னவளிடம். "நீங்களே போடுங்க. விதியை நான் பாத்துக்கிறேன்."

சூப்பர்வைசருக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. வேறு பிரிவுக்கு மாற்றினார்கள், அவ்வளவுதான். அதை நினைத்தால் அக்காவுக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வரும். கலம் இறங்கி, முதல் இரவைத் தாண்டி, மறுபடி பேசியது. தொலைக்காட்சியில் யார் யாரோ வந்து மார்தட்டினார்கள். போர்வை என்ற சொல்லே ஒருவர் வாயிலும் வரவில்லை. வராமல் போகட்டும். போர்வையோடு போன தாளில், தைத்தவர் என்ற இடத்தில் வேறு யார் பேரும் இல்லை. தான் செய்த வேலைக்குக் கீழே சின்னவள் முதன்முதலாகக் கையெழுத்திட்ட நாள்: மார்ச் 14, 2024, வியாழக்கிழமை.