பெயிண்டர் மாசானமும் பொன்முடி பங்களாவும்

பெயிண்டர் மாசானம் போய்விட்டார் என்று சாலைக் கடைத்தெருவில் எங்கள் பெயிண்ட் கடைக்கு வந்து சொன்னவன் அவர் மகன் முருகன். நான் அங்கே கணக்கப்பிள்ளை. அவரை அறிந்த நீங்களெல்லாம் அழுதீர்கள். எனக்கு அழுகைக்கு முன்னால் பயம் வந்தது. ஏன் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

திருவனந்தபுரத்தில் அவர் பூசிய கதவு இல்லாத தெரு உண்டா? வீட்டுக்காரர்கள் விரட்டினால், "உங்க அவசரம் பெயிண்டுக்குத் தெரியுமா அண்ணாச்சி?" என்று சிரிப்பார். அவர்களும் சிரித்துவிட்டுப் போவார்கள்.

பொன்முடியில் ஒரு தோட்டத்துத் துரையின் பங்களாவில், சீமையிலிருந்து தருவித்த ரேடியேட்டர்கள் இருந்தன. சுவரோரம் நிற்கும் வார்ப்பிரும்புக் குழாய்கள். பின்கட்டில் அடுப்பை மூட்டினால் உள்ளே வெந்நீர் ஓடி அறை கதகதக்கும். துருவேறிப்போன அவற்றுக்கு மறுபடி பெயிண்ட் அடிக்க மாசானம் போனார். மேற்பார்வை என்று நானும் போனேன். மூன்று நாள் சுரண்டித் தேய்த்து வெள்ளை பூசினார். "பிள்ளைவாள், ரெண்டு நாளைக்கு அடுப்புப் பக்கம் போயிராதீங்கோ. ஈரம் காயாம சூடு பட்டா அம்புட்டும் கொப்புளிச்சுப் போவும், கேட்டேளா" என்று சொல்லிவிட்டு, டர்ப்பன்டைன் வாங்க அடிவாரத்து விதுராவுக்கு இறங்கினார்.

மத்தியானம் மூடுபனி இறங்கியது. வெயிலிலேயே வளர்ந்த உடம்பு எனக்கு, பல் தந்தியடித்தது. துரைமார் குளிர்காயும் சுகத்தை நாமும் பார்த்தால் என்ன என்ற நப்பாசை வேறு. கொஞ்ச நேரம்தானே! மூட்டினேன். நாற்காலியை அருகில் இழுத்துப் போட்டு உட்கார்ந்தவன் அப்படியே கண்ணயர்ந்துவிட்டேன். நாற்றத்தில் விழித்துப் பார்த்தால் குழாய் முழுக்கக் கொப்புளம். தீயை அணைத்துச் சாம்பலை அள்ளித் தூரக் கொட்டினேன்.

மறுநாள் காலையில் வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். "தீ கீ மூட்டினேளா?"

"சேச்சே! நான் எதுக்கு மூட்டப் போறேன்?"

என் சொல்லை நம்பி, அதற்குமேல் அவர் தீயைப் பற்றி என்னிடம் கேட்கவே இல்லை. துரை வந்து வாய்க்கு வந்தபடி ஏசியபோது, "எனக்க கலவையிலதான் என்னமோ பிழை" என்று கைகட்டி நின்றார். நானும் பக்கத்தில்தான் நின்றேன். எல்லாவற்றையும் சுரண்டி, முதலிலிருந்து பூசிக் கொடுத்துவிட்டு இறங்கினார்.

அதற்குப் பிறகு அவர் இரும்பைத் தொடவில்லை. ஜன்னல் கம்பிக்குக்கூட வேறு ஆளைக் காட்டுவார். கடைக்கு வரும்போதெல்லாம், "கலவையில எண்ணெய் கூடிப் போச்சோ, பிள்ளைவாள்? எங்க தப்பு செஞ்சேன்?" என்று கேட்பார். "விடும் ஓய், மலைக் காத்து அப்படி" என்பேன். எத்தனை வருஷம் சொன்னேன்! பாவி நான்.

பதினாறாம் நாள் பந்தியில் முருகன் எனக்குப் பரிமாறினான். அவனும் பெயிண்டர்தான். ஒரு பெரிய வீட்டின் இரும்பு கேட் பூச ஆள் கேட்கிறார்கள் என்றேன். "வேண்டாம் சாரே. இரும்பு நம்ம கைக்கு வாய்க்காதுன்னு அப்பா சொல்லிட்டாக்கும் போனாரு" என்றான். அப்போதாவது சொல்லியிருக்கலாம். இலையைப் பார்த்துக் குனிந்து சோற்றைத் தின்றுவிட்டு வந்தேன்.

மாசானம் என்மேல் வைத்த நம்பிக்கைதான் அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது. அதை வைத்துக்கொள்ள எனக்கு யோக்கியதை இல்லை. அன்று நான் பயந்தது, இனி அவரிடம் சொல்லித் தீர்க்க வழியில்லை என்றுதான். முருகா, உன் அப்பாவின் கலவையில் ஒரு பிழையும் இல்லை. அடுப்பை மூட்டியவன் நான். போய் அந்தக் கேட்டைப் பூசு.