கைதட்டலுக்கு விட்ட இடம்

அமெரிக்க காமெடித் தொடரில் யாராவது கதவைத் திறந்துகொண்டு வந்தால் சிரிப்புச் சத்தம் கேட்கும். சிரிப்புக்குப் பதில் கைதட்டல் கேட்டால், வந்தவர் நிஜமான பேஸ்பால் ஆட்டக்காரர். கேபிள் டிவி வந்த தொண்ணூறுகளில் எங்கள் வீட்டார் தாமாகவே கண்டுபிடித்து வைத்திருந்த விதி இது. பாதி சரி, பாதி தப்பு. அந்தத் தப்புப் பாதிக்குத்தான் நான் இன்றுவரை நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

மைசூரில் தேவராஜ மொஹல்லா மார்க்கெட்டுக்குப் பின்னால், ஒரு சந்துக்குள் ஒண்டுக்குடித்தனம் எங்களுடையது. நடுவில் முற்றம், சுற்றிலும் வீடுகள். தாத்தா ரயில்வே வேலைக்கென்று வந்து இங்கேயே தங்கிவிட்டார், அப்பாவும் ரயில்வேயில் கூட்ஸ் கிளார்க். முற்றத்தில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு குழாய், ஒரு துவைக்கிற கல். கேபிளும் அப்படித்தான். ஓட்டுக்கு ஓடு தாவிப் போய் எல்லா வீட்டுக்கும் ஒரே படத்தைக் கொடுத்தது. எதிர்வீட்டுப் பால்காரம்மா எந்த சானல் பார்க்கிறாள் என்பது எங்கள் வீட்டுச் சமையலறை வரைக்கும் கேட்கும்.

சாயங்காலம் அந்த இங்கிலீஷ் காமெடி வரும். அப்பா இங்கிலீஷ் கேட்கப் பார்ப்பார். அம்மா அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜைப் பார்ப்பாள். நான் இவர்கள் இரண்டு பேரையும் கேலி செய்யப் பார்ப்பேன். அக்கா பிராக்டிஸ் முடிந்து வந்து, காலை நீட்டி உட்கார்ந்து, முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே பார்ப்பாள்.

அக்கா பூப்பந்தாட்டம் ஆடுகிறவள். மஞ்சள் கம்பளிப் பந்து, பக்கத்துக்கு ஐந்து பேர், வெட்டவெளி மைதானம். மாநில அணியில் பின்வரிசை அவளுடையது. அதை வைத்துத்தான் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு அரசு அலுவலகத்தில் வேலையும் கிடைத்தது. ஆனால் கோப்பையோடு பஸ் ஸ்டாண்டில் இறங்கி சந்துக்குள் நடந்து வந்தால், "ஷட்டிலா? ஓ, ஷட்டில் இல்லையா? அப்ப என்ன ஆட்டம்?" என்பார்கள். வருஷா வருஷம் அதே ஆட்கள் அதே கேள்வி. அக்கா சிரித்தபடி பதில் சொல்வாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வரும்.

அந்த வருஷம் அவள் அப்பாவிடம் சொல்லிவிட்டாள். தசரா முடிந்ததும் நடக்கிற அணித் தேர்வுக்குப் போகப் போவதில்லை, போதும். முழங்கால் வலி என்றாள். முழங்கால் எத்தனையோ வருஷமாக வலித்துக்கொண்டுதான் இருந்தது. அப்பா, "யோசிச்சுக்கோ கண்ணு" என்றதோடு சரி. யாருக்கும் தெரியாத ஒன்றை எத்தனை நாளைக்குத்தான் உயிரைக் கொடுத்துச் செய்வது என்று என்னிடம் மட்டும் கேட்டாள். ஊர் வாயை அடைக்கத்தான் எனக்குத் தெரியும், திறக்க வைக்கத் தெரியாது.

அப்போதுதான் முதல் ஆட்டக்காரர் வந்தார். ஏதோ ஒரு வீட்டு ஹால், சோபா, மாடிப்படி. கதவு திறந்தது. வாசலை அடைத்துக்கொண்டு ஓர் ஆள் நின்றார், கோட்டு அவருக்குப் பிடிப்பாக இருந்தது. கைதட்டல் எழுந்தது பாருங்கள், எங்கள் டிவியின் ஸ்பீக்கர் கரகரத்தது. ஹாலில் இருந்த நடிகர்கள் எல்லாரும் பேச்சை நிறுத்திவிட்டு அப்படியே நின்றார்கள். கைதட்டல் ஓயும் வரை கதையே நின்றது. பிறகு அவர் ஒரு வரி பேசினார். பேச்சா அது, பள்ளிக்கூடத்துப் பையன் திருக்குறள் ஒப்பித்த மாதிரி. கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேன்ட் பையில் விட்டார், எடுத்தார், மறுபடி விட்டார். "இவனுக்கு ஏண்டி இந்தத் தட்டு தட்டுறாங்க?" என்றாள் அம்மா.

அந்த வீட்டுச் சின்னப் பெண் ஒரு பந்தை அவரிடம் நீட்டியது. பந்து கைக்கு வந்ததும் அந்த ஆளே மாறிவிட்டார். விரல்கள் தையலைத் தடவித் தாமாக இடம் தேடிக்கொண்டன, தோள் இறங்கியது, முகத்தில் அதுவரை இல்லாத ஒரு சாந்தம் வந்தது. அக்கா தைலம் தேய்ப்பதை நிறுத்திவிட்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். "இவர் நடிக்கலடீ. இவர் நிஜமாவே ஆடுறவர்" என்றாள். முடிவில் ஓடிய எழுத்துகளை நான் அவசர அவசரமாகப் படித்தேன். மற்றவர்களுக்கெல்லாம் நடித்த பாத்திரத்தின் பெயர் போட்டிருந்தது. அவர் பெயருக்கு எதிரே, அவராகவே, என்று இருந்தது.

அவராகவே! அன்று அக்கா சாப்பிடும்போதுகூட அதைச் சொல்லிச் சொல்லி வியந்தாள். சிரிப்பதற்கென்று நாலு சுவரைக் கட்டி வைத்திருக்கிறார்கள், பொய்யான வீடு, பொய்யான அப்பா அம்மா. அதற்குள் ஒருத்தர் எந்த வேஷமும் போடாமல் வருகிறார், பொய் முழுக்க வாயை மூடிக்கொண்டு அவருக்கு வழிவிடுகிறது. எனக்கும் உடம்பு சிலிர்த்தது, ஆனால் நான் அதை ஒப்புக்கொள்கிற ரகம் இல்லை.

அதற்குப் பிறகு நாங்கள் காத்திருந்து பார்க்க ஆரம்பித்தோம். ஒருவர் பீட்சா வாங்க வந்தவராக வந்தார். ஒருவர் லிஃப்டில் மாட்டிக்கொண்டார். ஒரு தொடரில் ஆட்டக்காரர் வரவே இல்லை. வீட்டுப் பெரியவர் ஒரு பழைய ஆட்டக்காரரின் பெயரை மட்டும் சொன்னார், சொல்லிவிட்டுத் தொப்பியைக் கழற்றி நெஞ்சில் வைத்துக்கொண்டார், பார்த்துக்கொண்டிருந்த கூட்டம் பெருமூச்சு விட்டது. "பேரைச் சொன்னதுக்கேவா!" என்று அக்கா வாய் பிளந்தாள். அந்த ஆட்டத்தில் எத்தனை பேர், எப்படி ஜெயிப்பார்கள், ஒன்றும் எங்களுக்குத் தெரியாது. தெரியாமலேயே அவர்களைக் கும்பிடத் தொடங்கியிருந்தோம்.

பிறகு ஒரு நாள் ஓர் அம்மாள் வந்தாள். நரைத்த தலை, நல்ல உயரம், அகலத் தோள். கதவைத் திறந்ததும் கைதட்டல், அதுவரை நாங்கள் கேட்ட எல்லாவற்றையும் விட நீளமான கைதட்டல். அவள் மேஜையிலிருந்து ஓர் ஆப்பிளை எடுத்து மேலே எறிந்து, பார்க்காமலேயே பிடித்தாள். அப்பா கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு, "அட, பொம்பளைங்களும் ஆடுறாங்க!" என்றார். பெயர்கள் ஓடுவதற்குள் கரண்ட் போய்விட்டது. அக்கா இருட்டில் அசையாமல் உட்கார்ந்திருந்தாள். கரண்ட் திரும்பியபோது அவள் கண்ணில் தண்ணீர் நின்றது. கைதட்டல் விதியே சொல்லிவிட்ட பிறகு சந்தேகம் எங்கிருந்து வரும்? எங்களில் ஒருத்தருக்கும் வரவில்லை.

அடுத்த வாரம் கேபிள் ஆபரேட்டர் ஒயர் மாற்ற வந்தான். இருபத்தைந்து வயது இருக்கும், கன்னடக்காரப் பையன். தசராவுக்கு லோக்கல் சானலில் கன்னடத்தில் சொந்தமாக ஒரு காமெடி போடுகிறானாம், வீட்டு ஓனர், வாடகைக்காரன், அவர்கள் சண்டை. அவனும் எங்களைப் போலவே அந்த இங்கிலீஷ் தொடர்களைக் கண் கொட்டாமல் பார்க்கிறவன். அதே மாதிரி நிஜமான ஆட்டக்காரர் ஒருவரை ஓர் எபிசோடில் இறக்க வேண்டும் என்று ஆசை. கிரிக்கெட் ஆடுகிற ஒருவரைக் கேட்டானாம், அவர் இவனை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டாராம். புலம்பிக்கொண்டே ஒயரை இழுத்தவன் டிவிக்கு மேல் இருந்த கோப்பைகளைப் பார்த்தான்.

"உங்க அண்ணன் பிளேயரா?" என்றான் என்னிடம்.

"எனக்கு அண்ணன் கிடையாது" என்றேன். என் குரலில் இருந்த சூட்டைக் கேட்டு ஸ்டூலிலிருந்து இறங்கிவிட்டான்.

கோப்பைகள் அக்காவுடையவை என்று தெரிந்ததும் அவளையே வரச் சொல்லிக் கேட்டான். அக்கா மறுத்துவிடுவாள் என்றுதான் எல்லாரும் நினைத்தோம். கூட்டத்தைக் கண்டாலே பத்தடி தள்ளி நிற்கிறவள். அவளோ, "நான் நானாவேதானே வரணும்?" என்று மட்டும் கேட்டாள். ஆமாம் என்றான். "சரி, பந்தும் மட்டையும் கையில இருக்கும். ஒத்துக்கிறீங்களா?" என்றாள். ஆப்பிள் பிடித்த அந்த அம்மாள்தான் அவளைப் பேச வைத்தாள், எனக்குத் தெரியும்.

விஜயநகரில் புதிதாகக் கட்டிய ஒரு வீட்டில் படம் பிடித்தார்கள். ஆபரேட்டருடைய அத்தானின் வீடு. சோபாவுக்குப் பிளாஸ்டிக் உறைகூடப் பிரிக்கவில்லை. "மேடம், சும்னே நிந்த்கொள்ளி" என்றான், சும்மா நின்றால் போதுமாம். நடிகர்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லி வைத்தான்: மேடம் உள்ளே வந்ததும் யாரும் வாயைத் திறக்கக் கூடாது, கைதட்டல் முடிகிற வரைக்கும் காத்திருக்க வேண்டும், அந்தத் தொடர்களில் காத்திருக்கிறார்களே அப்படி.

அக்கா கதவைத் திறந்தாள். எல்லாரும் பேச்சை நிறுத்திச் சிரித்த முகத்தோடு அப்படியே நின்றார்கள். கைதட்ட அங்கே யார் இருக்கிறார்கள்? மூலையில் நான் ஒருத்தி, நானும் மூச்சு விடக் கூடாது. ஃபேன் சத்தமும் சோபா பிளாஸ்டிக் நொறநொறத்ததும் கேட்டன. அந்த நிசப்தம் போய்க்கொண்டே இருந்தது. அக்காவின் கை மட்டையை விட்டுப் புடவைத் தலைப்புக்குப் போனது, திரும்பி வந்தது. பிறகு அவள் கையிலிருந்து நழுவித் தரையில் கிடந்த பந்தைக் குனியாமலேயே மட்டை நுனியால் சுண்டி எழுப்பினாள். எழும்பிய பந்து கையில் வந்து உட்கார்ந்தது. தோள் இறங்கியது. அந்த சாந்தம் வந்தது. வாடகைக்கு வீடு கேட்டு அவள் பேச வேண்டியதைப் பேசி முடித்தாள், திருக்குறள் ஒப்பித்த மாதிரிதான்.

"கைதட்டலை அப்புறம் டேப்பிலிருந்து சேர்த்துக்கறேன் மேடம்" என்றான் ஆபரேட்டர். ஆட்டோவில் திரும்பும்போது அக்கா, "அந்த அமைதி இருக்கே, பஸ் ஸ்டாண்டுல கோப்பையோட இறங்குற மாதிரியே இருந்துச்சுடீ" என்றாள். நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். எங்களுக்குள் அது வழக்கம் இல்லை.

தசராவுக்கு அத்தை மகன் அமெரிக்காவிலிருந்து லீவில் வந்திருந்தான். நல்லவன், வாய்தான் நிற்காது. அவன் எங்கள் வீட்டுக்கு வந்த அன்று சாயங்காலம் பார்த்து அந்த ஆப்பிள் அம்மாள் வந்த எபிசோடையே மறுபடி போட்டார்கள். அப்பா பெருமையாக, "பாரு, உங்க ஊர் ஆட்டக்காரி" என்றார். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "மாமா, இவங்க பழைய சினிமா நடிகை! பெரிய ஸ்டார் யாரு வந்தாலும் தட்டுவாங்க. பேஸ்பால்ல அந்த அளவுக்குப் பொம்பளைங்க ஆடுறதே கிடையாதே!" இந்த முறை கரண்டும் போகவில்லை. பெயர்கள் ஓடின. அவள் பெயருக்கு எதிரே ஏதோ ஒரு பாட்டி பாத்திரத்தின் பெயர் இருந்தது.

முழங்காலுக்குத் தைலம் எடுத்த அக்கா, தேய்க்காமலேயே மூடியைத் திருகி அலமாரியில் வைத்தாள். எனக்கு அத்தை மகனை முற்றத்துக் குழாயில் தலைகுப்புறப் பிடிக்க வேண்டும் போலிருந்தது. உண்மையைச் சொன்னவனை என்ன செய்ய முடியும்? காப்பி கொடுத்து அனுப்பினோம்.

மறுநாள் சாயங்காலம் எங்கள் லோக்கல் காமெடி. அக்காவைக் காணோம். முற்றத்தில் துவைக்கிற கல்லின் மேல், எல்லா வீட்டு வாசலுக்கும் முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். "உள்ள வாயேன்" என்றேன். "நீ பாரு" என்றாள். நான் நிலைப்படியில் நின்றுகொண்டேன், ஒரு கண் டிவியில், ஒரு கண் அவள் முதுகில்.

எல்லா வீட்டிலும் அதே சானல். வீட்டு ஓனரும் வாடகைக்காரனும் கத்துவது முற்றத்தைச் சுற்றி எதிரொலித்தது. திரையில் கதவு திறந்தது. அக்கா வந்தாள். நடிகர்கள் நிறுத்தினார்கள். கைதட்டல் இல்லை. டேப்பை ஒட்டுகிற மெஷின் கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டதாம், ஆபரேட்டர் பின்னால்தான் சொன்னான். அதே ஃபேன் சத்தம், அதே பிளாஸ்டிக். எல்லா வீட்டு டிவியும் சேர்ந்து ஒரே நேரத்தில் மௌனமானபோது முற்றமே மூச்சைப் பிடித்த மாதிரி இருந்தது. அக்காவின் முதுகு குறுகியது.

எதிர்வீட்டில் ஒரு கை தட்டியது. பால்காரம்மா. பிறகு மூலை வீடு. பிறகு மாடி. பிறகு யார் யார் என்று பிரித்துச் சொல்ல முடியவில்லை. சந்துக்கு அந்தப் பக்கத்து ஓடுகளுக்குக் கீழிருந்தும் வந்தது, மார்க்கெட் பக்கத்து வெற்றிலைக் கடையிலிருந்தும் வந்தது. யாரும் யாருக்கும் சொல்லி வைக்கவில்லை. தெரிந்த பெண் ஒருத்தி கதவைத் திறந்து வந்து நிற்கிறாள், எல்லாரும் அவளுக்காகக் காத்திருக்கிறார்கள், அந்த இடத்தில் மனிதர்கள் செய்யக்கூடியது ஒன்றே ஒன்றுதான் போலிருக்கிறது. எங்கள் ஹாலில் அப்பா எழுந்து நின்று தட்டிக்கொண்டிருந்தார். அம்மா கரண்டியோடு வந்து தட்டினாள். வாழ்க்கையில் நான் அப்படி ஒரு சத்தத்தைக் கேட்டதில்லை. அழுதேன், மறைக்கவும் தோன்றவில்லை.

துவைக்கிற கல்லிலிருந்து அக்கா எழுந்தாள். திரும்பினாள். கையை எங்கே வைப்பது என்று தெரியாமல் இடுப்பில் வைத்தாள், எடுத்தாள். எல்லா வாசலிலும் ஆட்கள் வந்து நின்றிருந்தார்கள். டிவியில் கதை நகர்ந்துவிட்டது, ஒருவரும் அதைப் பார்க்கவில்லை. கைதட்டல் முழுக்க ஓயும் வரை அவள் முற்றத்தின் நடுவில் அப்படியே காத்து நின்றாள். ஓய்ந்த பிறகுதான் படியேறினாள்.

என்னைத் தாண்டிப் போகும்போது, "தேர்வுக்குப் போகணும். நாளையிலிருந்து காலைல அஞ்சு மணிக்கு எழுப்பிவிடுடீ" என்றாள்.