மட்டையைக் கீழே வைக்கச் சொன்னவர்

வண்ணாரப்பேட்டை ஜவுளிக் கடையில் நான் துணி அளந்துகொண்டிருந்தபோது, சைக்கிளை விட்டு இறங்காமலே காசிம் வாசலிலிருந்து கூப்பிட்டான். காசிம் எங்கள் ஹாக்கி டீமின் கோல்கீப்பர். இப்போது துறைமுகத்தில் மூட்டை தூக்குகிறான். "ராயப்பண்ணன் பூட்டாரு, மாமு. வூட்டாண்ட வெச்சிகினு கீறாங்க, வா" என்றான். நான் அளந்து முடித்து, துணியைக் கிழித்து, மடித்துக் கொடுத்துவிட்டுத்தான் கடையை விட்டு இறங்கினேன். அழுகை வரவில்லை. எரிச்சல்தான் வந்தது.

ராயப்பனை அறிந்தவர்கள் யாராவது படிப்பீர்கள் என்று நம்பி இதை எழுதுகிறேன். ராயபுரத்துக்காரர், துறைமுக டீமில் ரைட் விங் ஆடியவர். யுத்த காலத்தில் பூட்ஸ் போட்ட வெள்ளைக்கார சிப்பாய்களுக்கு நடுவே வெறுங்காலோடு பந்தைக் கொண்டுபோவார். ஒரு மேட்சில் ஒரு சிப்பாயின் பூட்ஸ் அவர் பாதத்தின் மேல் ஏறியது. விரல்கள் நொறுங்கின. அதோடு அவர் ஆட்டம் முடிந்தது. "அவன் வோணும்னு மிதிக்கலப்பா. எங்காலு அவன் வய்யில கெடந்துது" என்பார். யாரையும் குறை சொல்லத் தெரியாத மனுஷன். அந்தக் குணம் எனக்கு அப்போதே பிடிக்காது.

பிறகு திருவொற்றியூரில் ஓர் இரும்புக் கம்பெனி அவரைக் கோச்சாக எடுத்துக்கொண்டது. பெயர் எதற்கு? எங்கள் பதினொரு பேரையும் தேடிப் பிடித்துச் சேர்த்தவர் அவர்தான். காலையில் ஷெட்டில் வேலை, மதியத்துக்கு மேல் மைதானம். மற்ற தொழிலாளிகள் எங்களை "மாப்ளைங்க" என்று கிண்டல் செய்வார்கள். கொதிகலன் சாம்பலைக் கொட்டி இறுக்கிய மைதானம் அது. விழுந்து எழுந்தால் முழங்கால் கறுத்துவிடும்.

ஒருநாள் எங்களைப் பந்தே இல்லாமல் ஆடச் சொன்னார். காசிமுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "பந்து இல்லாம இன்னாண்ணே ஆட்டம்?" என்றான். "பந்து கையில கீறப்போ எல்லாரும் ஆடுவான். அது இல்லாதப்போ நீ எங்க நிக்கிற? அத்தப் பாக்கத்தான் எனக்குச் சம்பளம்" என்றார். சாயங்காலம் முழுக்க, இல்லாத பந்துக்காகப் பைத்தியக்காரர்கள் மாதிரி ஓடி ஓடி நின்றோம். அந்த வருஷம் எங்களைத் தோற்கடிக்க யாராலும் முடியவில்லை.

அப்புறம் அவரையே டீமுக்கு மானேஜராகவும் போட்டு ஒரு கோட்டும் கொடுத்தார்கள். தொளதொளவென்று இருக்கும். அதை மாட்டிக்கொண்டு அவர் கம்பெனித் துரையிடம் போவதெல்லாம் ஒரே காரியத்துக்குத்தான். எங்களில் ஒருவருக்கும் வேலை நிரந்தரமில்லை. அதை நிரந்தரமாக்கித் தரவேண்டும். "இந்தப் போட்டி முடியட்டும்" என்று துரை சொல்வார். போட்டிகள் முடிந்துகொண்டே இருந்தன.

அந்தச் சமயத்தில்தான் வேலைநிறுத்தம் வந்தது. கம்பெனி சும்மா இருக்கவில்லை. வெளியிலிருந்து ஒரு டீமை வரவழைத்து, பந்தல் போட்டு, ஊர்ப் பெரிய மனிதர்களைக் கூப்பிட்டு ஒரு மேட்ச் வைத்தது. உள்ளே எல்லாம் சரியாக நடக்கிறது என்று காட்டவேண்டுமாம். காலையில் ராயப்பன் எங்களிடம் வந்தார். "இன்னைக்கு ஆடினா நாளைக்கே பர்மனென்ட்னு சொல்லிகீறாங்க" என்றார். ஆடுங்கள் என்றோ வேண்டாம் என்றோ சொல்லவில்லை.

மைதானத்துச் சுவரோரமாக நம் தொழிலாளிகள் நூற்றுக்கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். கூச்சல் இல்லை, கிண்டல் இல்லை. வெறுமே பார்த்துக்கொண்டிருந்தார்கள். நான் சென்டர் ஃபார்வர்ட். ஹாக்கி பார்க்காதவர்களுக்குச் சொல்கிறேன்: ஆட்டம் தொடங்க, இரண்டு பேர் எதிரெதிரே நின்று, தரையில் ஒரு தட்டு, எதிராளியின் மட்டையில் ஒரு தட்டு என்று மூன்று முறை தட்டிய பிறகுதான் பந்தைத் தொடவேண்டும். இரண்டு முறை தட்டியாகிவிட்டது. மைதானக் கோட்டுக்கு வெளியிலிருந்து ராயப்பன் குரல் கேட்டது: "போதும். மட்டைய கீய வைங்கடா."

வைத்தோம். சுவரோரம் எழுந்த சத்தம் எண்ணூர் வரைக்கும் கேட்டிருக்கும். அவரைக் கோட்டோடு தோளில் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஊர்வலம் போனார்கள். அன்றைக்கு எனக்கும் சந்தோஷம்தான், பொய் சொல்வானேன்.

வேலைநிறுத்தம் சமரசத்தில் முடிந்தது. எல்லாரையும் திரும்ப எடுத்தார்கள், எங்களைத் தவிர. நீங்கள் தொழிலாளிகள் இல்லை, ஆட்டக்காரர்கள்; இனிமேல் இங்கே டீமே கிடையாது என்றது கம்பெனி. சங்கத்துக்குப் போனார் ராயப்பன். பேச்சுவார்த்தையில் உங்கள் விஷயம் விட்டுப்போய்விட்டது என்றார்கள். தோளில் தூக்கியவர்களும் அங்கேதான் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு அவர் ஏறி இறங்காத கம்பெனி வாசல் இல்லை. அவரை மட்டும் கோச்சாக எடுத்துக்கொள்ள ஓர் இடத்தில் தயாராக இருந்தார்கள். "எம்பசங்கள இன்னா பண்ணச் சொல்ற?" என்று கேட்டுவிட்டு வந்துவிட்டார்.

எங்கள் லெஃப்ட் விங் ஏழுமலை காத்திவாக்கத்து மீனவர் வீட்டுப் பிள்ளை. சின்ன வயசிலேயே மட்டையைப் பிடித்துவிட்டதால் கடல் தொழில் சரியாகப் படியாதவன். வேறு வழியில்லாமல் கட்டுமரம் ஏறினான். ஐப்பசிக் காற்றில் மரம் மட்டும் கரை ஒதுங்கியது. அவன் மனைவி ராயப்பன் வீட்டு வாசலுக்கு வந்து, "ஆடுங்கடான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா எம்புருசன் உசுரோட இருந்திருப்பானே, பாவி" என்று மண்ணை வாரித் தூற்றினாள். அவர் கை கட்டி நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டார். நான் பக்கத்திலேயே இருந்தேன். அதன்பிறகு அவர் மட்டையைத் தொட்டு யாரும் பார்த்ததில்லை.

போன மாதம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். கயிற்றுக் கட்டிலில் காய்ச்சலோடு கிடந்தார். திடீரென்று, "அன்னிக்கு நாம நின்ன எடம் சரிதானேடா?" என்றார். "சரிதாண்ணே" என்றேன். "அப்போ பந்து ஏன் வர்ல?" என்று என் முகத்தையே பார்த்தார். கஞ்சி ஆறுகிறது, குடியுங்கள் என்றேன்.

காசிமேட்டுக் கல்லறையில் அவரைப் புதைத்தோம். டீமில் காசிம், நான், இன்னும் இரண்டு பேர். கம்பெனியிலிருந்து ஒருவரும் வரவில்லை. சுவரோரம் உட்கார்ந்திருந்தவர்களே, உங்களுக்கும் சேதி சொல்லி அனுப்பினோம். அன்றைக்கு வேலை நாள், தெரியும். உங்களுக்கு வேலை இருக்கிறது.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது ஒன்றுதான். எங்கே நிற்கவேண்டும் என்று கற்றுக்கொடுத்தார். அதனால் எனக்கோ, ஏழுமலைக்கோ, அவருக்கோ ஒரு பிரயோசனமும் இருந்ததில்லை. ஆனாலும் வேறு இடத்தில் போய் நிற்க எனக்குத் தெரியவில்லை.