கை மாறிக் கிடந்த மலை

போன வருடம் பொங்கல் லீவில், போடிமெட்டுக்கு மேலே நடந்தது இது. நடந்தது என்னவோ ஒரு சாயங்கால நேரம்தான். ஆனால் அந்தப் பயணத்துக்கு ஆடி மாதமே நான் மனசுக்குள் கிளம்பிவிட்டேன், சிவகாசியில் உட்கார்ந்த இடத்திலிருந்தே.

எனக்கு காலண்டர் அச்சடிக்கும் பிரஸ்ஸில் வேலை. என் கணவர் அப்போது பட்டாசு கம்பெனியில் மருந்து கலக்கும் அறையில் இருந்தார். அந்தக் கம்பெனி இருக்கிற விஸ்வநத்தம் பக்கமிருந்து ஏதாவது சத்தம் கேட்டால் எங்கள் செக்‌ஷனில் பாதிப் பெண்களுக்குக் கை நின்றுவிடும். கம்பெனிக்குள் போன் கொண்டுபோக முடியாது, யாரிடம் கேட்பது? சாயங்காலம் அவருடைய பைக் தெருமுனையில் திரும்புகிற வரைக்கும் என் உயிர் என்னிடம் இருக்காது. வேறு செக்‌ஷன் கேளுங்கள் என்று நான் எப்போது வாயைத் திறந்தாலும், மனுஷன் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுவார். அதற்கு மேல் எங்கே பேசுவது!

அந்த ஆடி சீசனில்தான் ஒரு மலைப்படம் மெஷினில் ஓடியது. இடது பக்கம் இரட்டைப் பாறை, வலது பக்கம் வளைந்து போகிற ரோடு, ரோட்டோரம் ஒற்றை மரம், கீழே பால் பொங்கி நிற்கிற மாதிரி மூடுபனி. ஷீட் ஷீட்டாக அந்த மலை வந்து விழுந்துகொண்டே இருந்தது. வெளியே வெயில் மண்டையைப் பிளக்கும். நானோ அந்த ரோட்டில் அவர் முதுகில் சாய்ந்துகொண்டு பைக்கில் போய்க்கொண்டிருப்பேன். சூப்பர்வைசர் வந்து மேஜையைத் தட்டினால்தான் சிவகாசிக்குத் திரும்புவேன்.

படம் எந்த ஊர் என்று டிசைன் போடும் தம்பியிடம் கேட்டேன். போடிமெட்டு தாண்டி எங்கேயோ எடுத்தது என்றான். கழிவு ஷீட் ஒன்றைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுவந்தேன். எழுந்து வெளியே போக முடியாத ஓர் இடத்தில் இவரை உட்காரவைத்து, செக்‌ஷன் மாறச் சொல்லிக் கேட்டுவிட வேண்டும், அதற்கு இந்த மலைதான் சரி என்று எனக்குள் முடிவாகிவிட்டது. அவரிடம் அதைச் சொல்லவில்லை. மலைக்குப் போவோமா என்று மட்டும் கேட்டேன்.

அவருக்கு வந்த உற்சாகத்தைப் பார்க்க வேண்டுமே! ராத்திரிச் சாப்பாடு முடிந்ததும் ஷீட்டை விரித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவார். கிருஷ்ணன்கோவிலில் டீ, உசிலம்பட்டியில் இட்லி, ஆண்டிபட்டி கணவாயில் வண்டிக்கு ஓய்வு என்று விரலாலேயே ஓட்டிப் போவார். நானும் கூடவே போவேன். ஆனால் நாள்தான் அமையவில்லை. தீபாவளி முடிந்தால் அவருக்கு லீவு, எங்களுக்கு அப்போதுதான் காலண்டர் வேலை தலைக்கு மேல் கிடக்கும். பொங்கலுக்கு மட்டும்தான் இரண்டு பேருக்கும் சேர்ந்தாற்போல லீவு கிடைக்கும். பிள்ளைகளை என் தங்கச்சி வீட்டில் விட்டுவிட்டு, மாட்டுப்பொங்கலுக்கு மறுநாள் விடியற்காலையில் கிளம்பினோம்.

போடி தாண்டி வளைவுகளில் ஏற ஏற, காற்று குளிர்ந்துகொண்டே வந்தது. என் இரண்டு கைகளையும் அவர் சட்டைப் பைக்குள் விட்டுக்கொண்டேன். ஏலக்காய் வாசம் எங்கிருந்தோ வந்து போனது. அவர் ஏதோ முணுமுணுவென்று பாடிக்கொண்டு வந்தார். கல்யாணமான நாளிலிருந்து அவர் பாடி நான் கேட்டதே இல்லை. இந்த ரோடு முடியவே கூடாது என்று இருந்தது எனக்கு.

ஆனால் அந்த இடம் மட்டும் கிடைக்கவில்லை. போடிமெட்டு தாண்டி மேலேயும் கீழேயுமாக அலைந்தோம். இடது பக்கம் இரட்டைப் பாறை எங்குமே இல்லை. வெயில் சாய ஆரம்பித்தது. மறுநாள் ஊர் திரும்பியாக வேண்டும், அதற்கடுத்த நாள் அவர் அந்த அறைக்குள் போயாக வேண்டும். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கிடைக்காவிட்டால் என்ன, ஊரில் இல்லாத மலையா என்றார் அவர். அவருக்கென்ன தெரியும்!

கடைசியாக ரோட்டோர டீக்கடையில் வண்டியை நிறுத்தி, கடைக்கார அக்காவிடம் ஷீட்டைக் காட்டினேன். அந்த அக்கா இப்படியும் அப்படியுமாகத் தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"பாறை எங்க பாறை மாதிரித்தேன் இருக்கு. ஆனா கை மாறிக் கிடக்கே?"

எனக்குப் பொட்டில் அறைந்த மாதிரி இருந்தது. எங்கள் தொழிலில் இது சகஜம். ரோடோ அருவியோ இடது பக்கம் போகிற மாதிரி இருந்தால் ராசியில்லை என்பார்கள் ஆர்டர் கொடுக்கும் கடைக்காரர்களில் சிலர். படத்தை அப்படியே இடம் வலமாகத் திருப்பிப் போட்டுவிடுவோம். ஷீட்டின் முதுகுப்புறத்தை என் பக்கம் வைத்து வெயிலுக்கு நேராகப் பிடித்தேன். பாறை வலது பக்கம் வந்தது, ரோடு இடது பக்கம் போனது. இரண்டு தடவை கடந்து போன இடம் அது!

"நல்லா பிரஸ்ல வேலை பாத்த போ," என்று அவர் சிரித்த சிரிப்பில் அந்த அக்காவுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. டீக்குக் காசு வாங்க மாட்டேன் என்று சொல்லி, பொழுது சாய்வதற்குள் போங்கள் என்று எங்களை விரட்டிவிட்டார்.

ஒற்றை மரத்தடியில் உட்கார்ந்தோம். கீழே போடிப் பக்கமெல்லாம் மூடுபனி ஏறிக்கொண்டிருந்தது. ஒரு சத்தம் கிடையாது. கேட்க வேண்டியதை எத்தனை மாதமாக மனப்பாடம் பண்ணி வைத்திருந்தேன்! கேட்டால் இந்த நேரத்தைக் கெடுத்துவிடுவோமோ என்று பயமாக இருந்தது. சும்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

மலையைப் பார்த்தபடியே அவர்தான் பேசினார்.

"அந்த ரூமுக்குள்ள எம்புட்டு பயந்து பயந்து இருக்கேன்னு இங்கன வந்து உக்காந்த பெறகுதான் தெரியுது. தெனமும் கதவத் தாண்டையில உன் மொகத்த நெனச்சுக்கிட்டுத்தான் போறேன். சொன்னா நீ தாங்க மாட்டேன்னு சொல்லல."

செக்‌ஷன் மாறச் சொல்லி நான் கேட்கவேயில்லை. அவர் தோளில் சாய்ந்து அழுதேன். லீவு முடிந்து வேலைக்குப் போன அன்றைக்கே அவராகவே பேக்கிங் செக்‌ஷன் கேட்டு, போராடி மாறிக்கொண்டார்.

இப்போதும் தூரத்தில் எங்காவது வெடிச் சத்தம் கேட்டால் என் கை நிற்கத்தான் செய்கிறது. என் வீட்டு ஆள் தப்பினாலும் இன்னொருத்தி வீட்டு ஆள் உள்ளேதானே இருக்கிறான். ஆனால், இத்தனை வருடம் ஒரே வீட்டில் படுத்து எழுந்து, ஒரே பயத்தை ஆளுக்கொரு பக்கமாக ஒளித்து வைத்திருந்தோமே என்று நினைக்கும்போதுதான் என்னால் தாங்க முடியவில்லை.